கண் நல்லாத்தான் தெரியுது, டொக்டர்

(உலகக் குளுக்கோமா வாரத்தையொட்டிக் கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் மாத வெயிலுக்குள் பஸ் ஏறியும் சைக்கிள் மிதித்தும் வந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கமக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இரணைமடுவின் கீழ் வயல் செய்கிறவர். அறுபதுக்குக் கிட்டிய வயது. மகள்தான் கிளினிக்குக்குக் கூட்டி வந்திருந்தார். "அப்பா ரெண்டு தரம் வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டார். போன கிழமை சைக்கிளோட படலைக் கட்டையில கொண்டுபோய் இடிச்சிட்டார்" என்றார். ஐயாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம். பாதம் விறைக்கும். அதனால் காலில்தான் பிழை என்று அவரே முடிவுகட்டியிருந்தார். "கண் நல்லாத்தான் தெரியுது, டொக்டர்" என்று சொல்லி, எதிரே இருந்த எழுத்து அட்டையைக் கடைசிக்கு முந்திய வரி வரை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்துக் காட்டினார்.

பிறகு அவருடைய வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். வாசிப்பு நின்றது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "லைட்டை நிப்பாட்டிப் போட்டீங்களோ?"

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவருடைய இடது கண் முற்றாகப் போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. வலது கண்ணிலும் ஓரப் பார்வை சுருங்கிவிட்டது. நடுப்பார்வை மட்டும் மிஞ்சியிருந்தபடியால் எழுத்து அட்டையை வாசிக்க முடிந்தது. வாய்க்கால் வரம்பும் படலைக் கட்டையும் அந்த நடுப்பார்வைக்குள் வரவில்லை.

இதுதான் குளுக்கோமா. நம் ஊரில் 'கண்ணில பிரஷர்' என்பார்கள். கண்ணழுத்த நோய் என்று எழுதுவதும் உண்டு. பெரும்பாலும் நோகாது, சிவக்காது, கடிக்காது. கடைசிக் கட்டம் வரைக்கும் "கண் நல்லாத்தான் தெரியுது" என்று நோயாளியே சாட்சி சொல்லுவார்.

அது எப்படி, கண் போனது ஒருவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று கேட்பீர்கள். இருந்த இடத்திலேயே ஒன்று செய்து பாருங்கள். இடது கண்ணை மூடுங்கள். இரண்டு கையையும் முன்னே நீட்டிப் பெருவிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். வலது கண்ணால் இடது பெருவிரலை மட்டும் பாருங்கள், பார்வையை அசைக்கவேண்டாம். இப்போது வலது கையை மெல்ல மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகப் போனதும் வலது பெருவிரலின் நகம் காணாமற் போகும். இன்னும் நகர்த்தினால் திரும்ப வரும்.

கிடைத்ததா? அந்த இடம் பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம். பிறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அங்கே பார்வை இல்லை. ஆனாலும் உலகத்தில் ஓர் ஓட்டை இருப்பதாக நாம் ஒருநாளும் உணர்ந்ததில்லை. மூளை பக்கத்தில் இருக்கும் காட்சியை எடுத்து அந்த ஓட்டையை நிரப்பிவிடுகிறது. குளுக்கோமாவில் இப்படிப்பட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கூடுகின்றன, பெருக்கின்றன. மூளையும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு கண்ணில் இல்லாததை மற்றக் கண் ஈடுகட்டுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வன்னியில் எனக்குச் சிரமமே இல்லை. நீங்கள் குளத்துச் சனங்கள்.

கண்ணும் ஒரு குளம். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஊறுகிறது. விஞ்ஞானப் புத்தகத்தில் பிள்ளைகள் அதை நீர்மயவுடனீர் என்று படிக்கிறார்கள். அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. நாங்கள் விடுகிற மருந்துத் துளி ஒன்றின் அளவு நீர் ஊற ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும். அவ்வளவு மெதுவாக ஊறினாலும் இரவு பகல் நிற்காமல் ஊறுகிறது. ஊறுகிற அளவுக்கு வெளியேறவும் வேண்டும். விழிவெண்படலமும், கண்ணின் நிறப்பகுதியான கதிராளியும் சந்திக்கும் மூலையில் அதற்கொரு வடிகால் இருக்கிறது. அதுதான் இந்தக் குளத்தின் துருசு.

துருசில் சேறு படிந்தால் என்ன ஆகும் என்று கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரத்து குறையாது, போக்குக் குறையும், நீர்மட்டம் ஏறும். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ மட்டம் ஏறினால் வான்கதவைத் திறக்கலாம். கண்ணில் வான்கதவு கிடையாது. ஏறிய அழுத்தம் கண்ணின் சுவர் முழுவதையும் தள்ளுகிறது. அந்தச் சுவரில் மிகவும் நொய்ந்த இடம் பின்பக்கத்தில், பார்வை நரம்பு வெளியேறும் வட்டம். ஏறக்குறைய 10 லட்சம் மெல்லிய நார்கள் சேர்ந்ததுதான் அந்த நரம்பு. அழுத்தத்தில் நசுங்கி அவை ஒன்றொன்றாகச் சாகின்றன. நாலில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு நார்கள் செத்த பிறகுதான் கருவியில் வைத்துப் பார்க்கும்போதுகூடப் பார்வைக் குறை பிடிபடத் தொடங்குகிறது.

பெரும்பாலானோருக்கு வருவது இந்தச் சேறு படிகிற வகை. வருடக்கணக்கில் மெதுவாக நடக்கும். இன்னொரு வகையில் கதிராளியே முன்னே வந்து துருசு வாயை அடைத்துவிடும். அது ஒரே இரவில் நடக்கலாம். கண் சிவந்து, ஒருபக்கத் தலை வெடிக்கிறமாதிரி இடித்து, சத்தி வரும், பார்வை புகைமூட்டமாகும், லைட்டைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்கு இது கூட வரும். சத்தி எடுக்கிறபடியால் வயிற்றுக் கோளாறு என்றும், தலையிடி என்றும் நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்திருந்து, மூன்றாம் நாள் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று நாளில் கண் போய்விடுகிறது. தலையிடியும் சத்தியும் வந்தால் கண்ணைப் பாருங்கள். ஒரு கண் சிவந்து, பார்வை மங்கியிருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இற்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

கண்ணழுத்தத்தைப் பாதரச மில்லிமீற்றரில் அளக்கிறோம். 10 முதல் 21 வரை பொதுவான அளவு. ஆனால் அளவுக்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே அழுத்தம் மட்டும் பார்த்தால் போதாது, நரம்பையும் பார்க்கவேண்டும். இன்னொன்று, கையில் பட்டி கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது வேறு. "நான் பிரஷர் குளிசை போடுறன்தானே" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குளிசை இந்த நரம்பைக் காப்பாற்றாது.

தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. 100க்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதை அன்றுதான் அறிந்தார்கள். அவர்களும் வயல் செய்கிறவர்கள், எங்கள் மொழி பேசுகிறவர்கள், எங்களைப்போல மாமன் மச்சாள் என்று சொந்தத்துக்குள் கலியாணம் கட்டுகிறவர்கள். இந்த மண்டபத்தில் நாற்பது தாண்டிய நூறு பேர் இருந்தால் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்பதே என் கணக்கு.

இனி வன்னிக்கென்றே உள்ள ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

கண்ணில் பலமாக அடிபட்டால், மேலே காயம் ஆறி, பார்வையும் திரும்பி, எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் அந்த அடியில் உள்ளே துருசின் அடிவேர் கிழிந்திருக்கலாம். கிழிந்த இடம் தழும்பாகி வடிகால் அடைபடுவதற்கு மாதங்களும் ஆகலாம், பத்து இருபது வருடங்களும் ஆகலாம். உலகத்தில் மற்ற ஊர்களில் இது பந்தடியால், விபத்தால் வருவது. எங்கள் சனத்துக்கு எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். செல் விழுந்து தெறித்த மண்ணும் கல்லும், பங்கர் மரக்குற்றி, சிதறல் துண்டு. 2009இல் முகத்தில் காயப்பட்ட பத்து வயதுப் பிள்ளை இன்றைக்குக் குடும்பக்காரர். "அப்ப பட்டது, ஆறிட்டுது" என்றுதான் சொல்லுவார். ஆறியது தோல். உள்ளே மூலையில் என்ன நடந்ததென்று ஒரு சின்னக் கண்ணாடி வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு கண்ணை அன்றே இழந்து, மற்றக் கண்ணோடு வாழுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன், அந்த ஒற்றைக் கண்ணை வருடம் ஒருதரம் கொண்டுவந்து காட்டுங்கள்.

யுத்தம் இன்னொரு வகையிலும் கண்ணைப் பறித்தது. குளுக்கோமா மருந்து ஒருநாளும் நிற்கக்கூடாத மருந்து. ஏ9 பாதை 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மூடுண்டது. திறப்பதற்கு முந்திய வருடங்களும் மூடிய பின் வந்த வருடங்களும் எப்படி இருந்தன என்று மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பனடோலுக்கே வழியில்லாத இடத்தில் கண் துளிமருந்துக்கு எங்கே போவது? ஓர் அம்மா சொன்னதை நான் மறக்கமாட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகையில் கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டது. மருந்துப் போத்தலைச் சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். மருந்து முடிந்த பிறகும் வெறும் போத்தலை முடிந்தபடியே வைத்திருந்தார், பேர் மறந்துபோகாமல் இருக்க. செட்டிக்குளம் முகாமில் ஒரு டொக்டரிடம் அதைத்தான் நீட்டினாராம். அவருக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வை இன்றும் இருக்கிறது. அந்த நெருப்புக்குள் அவ்வளவு கவனமாய் இருந்தவர் மாதிரி இன்று பாதையும் பஸ்ஸும் இருக்கிற காலத்தில் நாங்கள் இருக்கிறோமா? 2022இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துளிமருந்தை நிற்பாட்டியவர்களில் சிலர், மருந்து திரும்ப வந்த பிறகும் தொடங்கவில்லை. கேட்டால் அதே பதில்: "கண் நல்லாத்தான் தெரியுது."

அடுத்தது பாமசி. இதில் எனக்குக் கோபமே வரும். சூடு மிதித்துத் தூசி பட்டுக் கண் கடிக்கிறது, அல்லது பிள்ளைக்கு ஒவ்வாமையால் கண் சிவக்கிறது. துண்டு இல்லாமல் போய் ஒரு துளிமருந்து வாங்குகிறார்கள். இரண்டு நாளில் சிவப்புப் போய்விடும். மந்திரம்போட்டமாதிரி இருக்கும். அதனால் அடுத்தமுறையும் அதே மருந்து, பக்கத்து வீட்டுக்கும் அதே மருந்து. அந்த மருந்துகளில் பல ஸ்டெரொயிட் வகை. டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரட்னிசொலோன் என்று போத்தலில் எழுதியிருக்கும். கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால் சிலருடைய கண்ணில் துருசு அடைபட்டு அழுத்தம் ஏறும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இப்படிப் பார்வை இழப்பதைப் போலக் கொடுமை வேறில்லை, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ஒரு டொக்டர் ஒரு கிழமைக்கு எழுதித் தந்தால் ஒரு கிழமைக்கு மட்டும் விடுங்கள். மிச்சத்தை எறிந்துவிடுங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் என்று கண்ணுக்குள் விடுவதையும் நிற்பாட்டவேண்டும். கிருமி போய்க் கண்ணில் புண் வந்தால் அது தனித் துன்பம்.

வெண்புரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணில் பூ விழுந்தால் வெட்டி வில்லை வைக்கலாம், பார்வை திரும்பும். அதனால் பார்வை மங்கினால் எல்லாமே பூ என்று நினைத்து, "முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்று இருந்துவிடுகிறார்கள். இதில் இரண்டு ஆபத்து. மங்கல் குளுக்கோமாவாக இருந்தால் காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் நட்டம். உண்மையில் பூவாக இருந்தாலும், அளவுக்கு மிஞ்சி முற்றினால் வில்லை ஊதியோ, கசிந்தோ வடிகாலை அடைத்து, அதுவே கண்ணழுத்தத்தைக் கொண்டுவரும். நெல்லை முற்றவிட்டு அறுக்கலாம், கண் பூவை முற்றவிடக்கூடாது.

கைக்குழந்தைக்கும் இந்த நோய் வரும். பிறக்கும்போதே வடிகால் சரியாக உருவாகாமல் இருக்கும். சொந்தத்துக்குள் கட்டியவர்களின் பிள்ளைகளில் கூடுதலாகக் காண்கிறோம். குழந்தையின் கண் அழுத்தத்தில் வீங்கிப் பெருக்கும். பார்க்கிறவர்கள் "என்ன வடிவான பெரிய கண்" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். வெளிச்சத்தில் முகத்தைத் தாயின் தோளுக்குள் புதைக்கிறதா, அழாமலே கண்ணீர் வடிகிறதா, கறுப்பு விழி மங்கி நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கிழமையே கொண்டுவாருங்கள். அதற்குச் சத்திரசிகிச்சைதான் வழி, நேரத்தோடு செய்தால் பார்வை நிற்கும்.

சிகிச்சை எல்லாம் ஒன்றையே செய்கிறது: நீர்மட்டத்தைக் குறைப்பது. சில மருந்து வரத்தைக் குறைக்கும், சில போக்கைக் கூட்டும். லேசர் கதிரால் கதிராளியில் சிறு துளை போடுவதும் உண்டு. மருந்து போதாவிட்டால் புதுத் துருசே வெட்டவேண்டும். அந்த யோசனையில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1819இல் தொடங்கிய சென்னை அரசாங்கக் கண் ஆஸ்பத்திரியில் அத்தியட்சகராக இருந்த ரொபர்ட் எலியட் என்ற ஆங்கில டொக்டர், கண்சுவரில் வட்டத்துளை இட்டு நீரை வெளித்தோலின் கீழ் வடியவிடும் முறையை 1909இல் செய்யத் தொடங்கினார். தமிழ்நாட்டு ஏழைச் சனங்களின் கண்களில் அவர் செய்த அந்த வேலையைப் பார்க்கவும் படிக்கவும் வெளிநாட்டு டொக்டர்மார் வந்தார்கள். இன்று உலகம் முழுக்கச் செய்யும் முறை 1968இல் வந்தது. அதுவும் அதே வழியில் வந்த பிள்ளைதான்.

ஆனால் எந்தச் சிகிச்சையும் போன பார்வையைத் திருப்பித் தராது. இதை மறைக்கக்கூடாது. இலங்கை கண் கொடுத்துப் பேர் எடுத்த நாடு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார், 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார். அதன்பின் எத்தனையோ நாடுகளில் மனிதர் நம் நாட்டுக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் அப்படிப் பொருத்துவது முன்னால் இருக்கிற விழிவெண்படலம் மட்டும். பார்வை நரம்பை எவரும் எவருக்கும் பொருத்த முடியாது. "மகன் வெளிநாட்டில இருக்கிறான், எவ்வளவு காசெண்டாலும் அனுப்புவான்" என்று என் மேசைக்கு முன்னால் அழுதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லவேண்டியிருந்தது.

இருக்கிறதைக் காப்பாற்றலாம். சுவீடனில் நீண்டகாலம் செய்த ஓர் ஆய்வில், அழுத்தம் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் நோய் முன்னேறும் ஆபத்து ஏறக்குறைய 10 வீதம் குறைந்ததைக் கண்டார்கள். ஒவ்வொரு துளியும் அந்த ஒரு மில்லிமீற்றருக்காகத்தான். ஆகவே துளி விடுவதைப் பழகுங்கள். கையைக் கழுவி, தலையை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு துளி. போத்தல் நுனி இமையில் முட்டக்கூடாது. பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் மருந்து தொண்டைக்குள் இறங்கி உடம்பில் சேரும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து. போத்தல் திறந்த திகதியை அதிலே எழுதிவையுங்கள், நாலு கிழமைக்குப் பிறகு பாவிக்கவேண்டாம். முட்டு வருத்தம் இருக்கிறவர்கள் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ரிமொலோல் என்ற மருந்து மூச்சுமுட்டைக் கூட்டும். இரவில் விடும் லற்றனோபுறொஸ்ற் கண்ணைக் கொஞ்சம் சிவக்கவைக்கும், இமைமயிரை நீட்டும். அதற்குப் பயந்து நிற்பாட்டவேண்டாம். கை நடுங்குகிற பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளை விட்டுவிடட்டும். செல்போனில் அலாரம் வைக்கத் தெரிந்த பிள்ளைகள்தானே எல்லா வீட்டிலும்.

யார் யார் வரவேண்டும் என்று கேட்டால், நாற்பது தாண்டிய எல்லோரும். சீனி வருத்தம் உள்ளவர்களும், தடித்த கண்ணாடி போடுகிறவர்களும், கண்ணில் எப்போதாவது அடிபட்டவர்களும் வயது பாராமல் வரவேண்டும். தென்னம்மட்டை அடித்தாலும் அடிதான், கெற்றப்போல் கல் பட்டாலும் அடிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்துப் பல மடங்கு. முதலில் சொன்ன ஐயாவின் தம்பியையும் தங்கையையும் நான் வரச்சொன்னேன். தம்பிக்கு இருந்தது, தொடக்க நிலையில். அவர் இன்றும் உழவு மெஷின் ஓட்டுகிறார்.

கிட்டிய ஆஸ்பத்திரியில் கேட்டுக் கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. பழைய கிளினிக் கொப்பியும், பாவிக்கிற எல்லா மருந்துப் போத்தலும் கையில் இருக்கட்டும். நரம்பைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவோம், நாலைந்து மணித்தியாலம் கண் கூசும், கிட்டப்பார்வை மங்கலாக இருக்கும். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள். துணைக்கு ஆள் வேண்டும், அந்தத் துணை உங்கள் கூடப்பிறந்தவராக இருக்கட்டும். அவருடைய கண்ணையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.